அங்குலம் பொய் சொல்லாது

களிமண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சூடு கூடினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு பிசைந்தாலும் கரையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அழகு நிலையத்திலிருந்து பொட்டலங்களை எல்லாம் ஆய்வுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். வீண் வேலை, சார். களிமண், கடற்பாசிப் பொடி, கல் உப்பு, காபித் தூள், கொஞ்சம் தேன். அவ்வளவுதான். வாசல் பலகையில் 'முற்றிலும் இயற்கை' என்று எழுதியிருக்கிறதே, அது ஒன்றுதான் அந்த இடத்தில் உண்மை. மண்மேல் பழி போடாதீர்கள்.

பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். பாடி ராப் என்பது வாடிக்கையாளர்களுக்கான பெயர். எங்களுக்குள் வெறும் கட்டு. வருகிறவரின் உடம்பில் மண்ணைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் கழுத்துவரை சுற்றி, மேலே சூடான கம்பளி போர்த்தி நாற்பது நிமிடம் படுக்க வைப்போம். வியர்க்கும். நச்செல்லாம் வெளியேறுகிறது என்போம். எடை பார்க்கும் மெஷின் எங்களிடம் கிடையாது. "எடை பொய் சொல்லும், அங்குலம் பொய் சொல்லாது" என்று எங்கள் முதலாளியம்மா வருகிறவர்களிடம் சொல்வார். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது வேறு. கட்டுக்கு முன்னால் டேப்பைத் தளர்வாகப் பிடி, கட்டுக்குப் பின்னால் இறுக்கிப் பிடி. ஒன்றரை அங்குலம் குறைந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்த முகமாக வீட்டுக்குப் போவார்கள்.

டீச்சர் செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டு நேரே எங்களிடம் வருவார். கணக்கு டீச்சர். கையும் காலும் கட்டுக்குள் இருக்க, முகம் மட்டும் வெளியே தெரிய, ஓயாமல் பேசுவார். வகுப்பில் எந்தப் பிள்ளை என்ன சேட்டை செய்தது, மாமியார் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். பேச்சுக்கு நடுவில் "அக்கா, நீங்க சாப்ட்டீங்களா?" என்பார். என் மகள் என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்பதில்லை. டீச்சர் என்றால் எனக்கு உயிர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம். மண் பூசும்போது அவர் கணுக்காலில் என் கட்டைவிரல் பதிந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அடுத்த மாதம் கை, தோள் எல்லாம் மெலிய, வயிறு மட்டும் பளபளவென்று பெருத்தது. நீர் கோத்த வயிறு எனக்குப் புதிதல்ல. அப்படிக் கிடந்த என் அம்மாவை எட்டு மாதம் குளிப்பாட்டியவள் நான். தொட்டதும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே சரியாக அளப்பார்கள். வாராவாரம் குறைகிறது என்று நான் சொன்னதெல்லாம் பொய் என்று புரிந்துவிடும். கணக்கு டீச்சர் ஆயிற்றே. அதன்பிறகு என்னைத் தேடி எதற்கு வருவார்? ஒரு வாரம் தள்ளிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன்.

கொஞ்ச நாளில், எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் டேப் எனக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டேப் ஒன்றை வெந்நீரில் ஊறப்போட்டு, ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தேன். அவசரப்பட்டால் எண்கள் உரிந்துவிடும். காய்ந்ததும் நாற்பது அங்குலத்தை முப்பத்தாறு என்று காட்டியது. டீச்சருக்கென்று அதைத் தனியாக எடுத்து வைத்தேன். பிற்பாடு இன்னொன்றும் செய்ய வேண்டி வந்தது, இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுத்து.

"பேன்ட் பட்டனே போட முடியலக்கா. ஆனா டேப்ல குறையுதே?"

"தோய்க்கத் தோய்க்கத் துணி சுருங்கத்தானே செய்யும், டீச்சர்."

"மூச்சு வேற வாங்குது."

"உள்ள இருக்கற நச்சு கிளம்புதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

கம்பளிக்குள் கிடந்தபடியே முகத்தை என் பக்கம் திருப்பினார். "எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடட்டுமாக்கா? நீங்க போன்னு சொன்னா நாளைக்கே போயிடறேன்."

பயந்துபோயிருந்தார். சார், அவர் என்னைத்தான் கேட்டார். வீட்டில் புருஷனைக் கேட்கவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "ஊசி, மருந்துன்னு உடம்பைக் கெடுத்துடுவாங்க. இது இயற்கை, ஒண்ணும் பண்ணாது. இன்னும் நாலு கட்டு போடுவோம், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நாலு, பதினாறு ஆனது.

கரும்பலகை முன்னால் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கேள்விப்பட்டதும் ஓடினேன். கட்டிலில் டீச்சர், பக்கத்தில் அவர் வீட்டுக்காரர்.

"சினைப்பைல கட்டி. வயிறு ஊத ஆரம்பிச்சே ஆறேழு மாசம் இருக்கும். அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?" என்று டாக்டர் வீட்டுக்காரரைக் கேட்டார். அந்த மனிதர் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர்தான் பதில் சொன்னார். குரலே எழும்பவில்லை. "ஊதல டாக்டர். போன வாரம் வரைக்கும் குறைஞ்சுட்டுத்தான் இருந்தேன். இதோ அக்கா இருக்காங்க, அவங்கதான் அளந்தாங்க. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன்.

பதினெட்டு நாளில் போய்விட்டார். தெரிந்தேதான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அவர் வீட்டுக்காரரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை பேர் நடுவில் டீச்சரைப் பொய்க்காரியாக்க எனக்கு மனசு வரவில்லை.