கண்ணாடிக் கடை மென்பொருளின் மாற்றுச் சாவி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை சென்ற திங்கட்கிழமை இதே காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்த புகாரில் உள்ளபடியே. வயது நாற்பத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. அண்ணன், அண்ணியுடன் ஒரே வீட்டில் இருக்கிறேன். அண்ணன் நடத்தும் கம்பெனியில் பதினாறு வருடமாக விற்பனையையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை நான் சொன்னவை எல்லாம் நடந்தவைதான். அவற்றை வைத்து நான் முடிவுகட்டியதுதான் தப்பு. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இரண்டு அறைகளில் நடக்கிறது. மூக்குக்கண்ணாடி விற்கும் கடைகளுக்கான ஒரே ஒரு மென்பொருளைச் செய்து விற்கிறோம். வாடிக்கையாளரின் கண் பவர், பிரேம் அளவு, லென்ஸ் இருப்பு எல்லாம் அதில் ஏறும். அதை எழுதியவர் அண்ணன். விற்பவள் நான். கடைக்காரர் போன் செய்வார், நான் பேசுவேன், அதன் பிறகு அவர் பணம் அனுப்புவார், அதன் பிறகு பதினாறு இலக்க எண் ஒன்றை நான் இரண்டு தடவை படித்துச் சொல்வேன். அந்த எண்ணை எங்கள் அலுவலகத்தில் சாவி என்போம். ஒரு சாவிக்கு ஒரு கடை. ஆளைக் குரலிலேயே பிடித்துவிடுவேன். மூன்று கடை வைத்திருப்பதாகச் சொல்லிப் பணம் அனுப்பும் முன்பே சாவியைக் கேட்ட ஒருவரிடம், மூக்கின் மேல் உட்காரும் பாகத்தின் அளவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். பதினாறு வருடத்தில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது தவிர மாற்றுச் சாவி என்று ஒன்று உண்டு. அது எந்தக் கம்ப்யூட்டரிலும், எத்தனை கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஒரு கடையின் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டால், அன்றைய வியாபாரம் நிற்காமல் இருக்க அண்ணன் வைத்தது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். நான் இங்கிருந்தே கடைக்காரரின் திரைக்குள் போய் அதைத் தட்டிவிடுவேன். தட்டும்போது, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க" என்று போனில் சொல்வேன். திரும்பினார்களா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அண்ணி கேலி செய்வார். மறுநாளே புதுச் சாவி கொடுத்து அதை எடுத்துவிடுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணன், வெப்சைட்டிலேயே மென்பொருளை விற்கலாம் என்று சொன்னார். "இனிமே நீ போன்ல நம்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். ஆளுங்க அவங்க பாட்டுக்கு வாங்கிக்குவாங்க" என்றார். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பயம் வந்தது. இனி நான் எதற்கு என்று தோன்றியது. இந்தப் பயம் எனக்கு இருந்ததையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அதன் பிறகு வெப்சைட் வேலைக்கு ஒருவரை அண்ணன் ஒப்பந்தத்தில் அமர்த்தினார். புகாரில் அவர் பெயர் இருக்கிறது. எப்போதும் ஒரு காதில் மட்டும் இயர்போன் இருக்கும் என்பதால் நான் அவரை இயர்போன் என்றுதான் வீட்டில் சொல்வேன். முதல் நாள் மேடம் என்றார். மூன்றாம் நாளே அக்கா என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிற ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அன்று முதல் அவர் செய்வதை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதினேன். திங்கட்கிழமை நான் ஒப்படைத்த நோட்டு அதுதான்.

இன்னும் விற்காமல் இருந்த இருநூறு சாவிகளையும் அவர் பட்டியலாகக் கேட்டார். எதற்கு என்றேன். யாராவது வாங்கியதும் வெப்சைட் தானாக ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். அண்ணன் கொடுக்கச் சொன்னதால் கொடுத்தேன். அதன் பிறகு ஒரே மத்தியானத்தில் நான்கு கடைகளின் பெயரில் நான்கு தடவை அவரே வாங்கினார். நான்கும் இல்லாத கடைகள். கேட்டதற்குச் சோதனை என்றார், பிறகு நான்கையும் ரத்து செய்தார். அதன் பிறகு பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றார். நான் என் கடைக்காரர்களைத் திரும்பச் சொன்ன மாதிரியே என்னைத் திரும்பச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவார். இவை எல்லாம் நோட்டில் உள்ளன. இந்த வேலை செய்கிறவர் எவராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார் என்று நேற்றுத்தான் வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு, வெப்சைட் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சாவியை எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

"அக்கா, உங்க ஸ்கிரீன ஒரு படம் எடுத்துக் குடுங்க. கட்டத்துல மட்டும் ஏதாவது பொய் நம்பரா போட்டுருங்க."

பொய் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. பொய்க் கடை, பொய்ப் பெயர், இப்போது பொய் நம்பர். இந்த ஆளுக்கு எதிலும் நிஜமே கிடையாதா, எங்கள் கம்பெனி பெயரில் பொய்யை எதற்குப் போட வேண்டும், இதிலும் ஏதோ உள்வேலை இருக்கிறது என்று எண்ணி, என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரின் திரையை உள்ளது உள்ளபடியே படம் எடுத்து, அவரிடம் கொடுக்காமல் அண்ணனிடம் கொடுத்து ஏற்றச் சொன்னேன். அண்ணன் வேறு வேலையில் இருந்தார். பார்க்காமலே ஏற்றினார்.

அதன் பிறகு வெப்சைட் திறந்தது. மென்பொருளை யாரும் அதிலிருந்து இறக்கிக்கொள்ளலாம், சாவி போட்டால்தான் வேலை செய்யும். எட்டு நாளில் பதினொரு பேர் வாங்கினார்கள். எங்கள் மென்பொருள் புதிதாக ஒரு கம்ப்யூட்டரில் திறந்தால் கடைப் பெயர், தொலைபேசி எண், போட்ட சாவி எல்லாம் அண்ணனின் கம்ப்யூட்டருக்குத் தகவலாக வரும். போன சனிக்கிழமை அவர் எண்ணிப் பார்த்து, புதிதாக முந்நூற்று நாற்பது கடைகளில் ஓடுகிறது என்றார். இவ்வளவு பணம் போயிற்றே என்று இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு திருப்தியும் வந்தது. "அப்பவே சொன்னேன்ல. வெளியாள் கையில சாவியக் குடுத்தா இப்படித்தான்" என்றேன். இருநூறு சாவியை வைத்துக்கொண்டு முந்நூற்று நாற்பது கடைகளை எப்படித் திறக்க முடியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. புகாரை வாங்கிய அதிகாரியும் கேட்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியம் வேண்டுமா என்று இப்போது எழுதுகிற அதிகாரி கேட்டார். வேண்டும் என்றேன்.

அவர்தான் சாவிகளைத் திருடி விற்றார் என்று திங்கட்கிழமை புகார் கொடுத்தேன். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, அவர் ஒரு பல் மருத்துவமனையில் அவர்களுடைய வெப்சைட் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது அங்கிருந்த எல்லோரும் பார்க்க இங்கே அழைத்து வந்ததாகத் தெரிந்தது. அவர் லேப்டாப்பில் சாவிப் பட்டியல் இருந்ததாகவும் சொன்னார்கள். இருக்கத்தான் செய்யும், நான்தானே கொடுத்தேன். சாயங்காலம் இங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "அக்கா, நான் என்ன பண்ணேன்னு நீங்களாவது சொல்லுங்க. நீங்க கூடவே உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றார். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அப்போது கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக நினைத்தேன்.

நேற்று வியாழக்கிழமை, சாட்சி சேர்க்கலாம் என்று அந்தக் கடைகளுக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் உள்ள பட்டியலை அண்ணன் அச்சடித்துக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது, "இதெல்லாம் எதுக்கு, போலீஸ் பாத்துக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். முதல் மூன்று கடைகளில் எடுக்கவில்லை. நான்காவது கடையில் ஒரு பெண் எடுத்தார். சாவியை உங்களுக்கு விற்றது யார், பயப்படாமல் சொல்லுங்கள் என்றேன்.

"யாரும் விக்கலியேங்க. உங்க வெப்சைட்லயே படம் போட்டு நம்பரையும் குடுத்திருந்தீங்களே. அதப் போட்டோம், தெறந்துச்சு. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு கம்பெனியான்னு எங்க கடைக்காரங்க சங்கத்துல எல்லாருக்கும் சொன்னோம்" என்றார். கூடவே நன்றியும் சொன்னார்.

உடனே வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். அந்தப் படத்தில் பதினாறு பூஜ்யங்கள் இருந்தன. அது நான் எடுத்த படம் இல்லை. அதே பெண்ணுக்கு மறுபடி போன் செய்து, அவர் சேமித்து வைத்திருந்ததை அனுப்பச் சொன்னேன். வந்தது. அது என் திரை. ஓரத்தில் நான் வைத்திருக்கும் அண்ணன் மகளின் பள்ளிக்கூடப் படம்கூடத் தெரிகிறது. கட்டத்தில் மாற்றுச் சாவி பதினாறு இலக்கமும் தெளிவாக இருந்தது. என் மேசைக் கம்ப்யூட்டர் பல வருடமாக மாற்றுச் சாவியில்தான் ஓடுகிறது. விற்கிற சாவி ஒன்றை எனக்கென்று வீணாக்க மனசு வரவில்லை. படம் எடுத்த அன்று அவருடைய பொய்யைத் தடுப்பதிலேயே இருந்தேன், அது எந்தச் சாவி என்று நினைக்கவில்லை. அதைத்தான் அண்ணன் பார்க்காமல் ஏற்றினார், ஊரெல்லாம் பார்த்தது.

 அதன் பிறகு, படத்தை மாற்றியது யார் என்று யோசித்தேன். வெப்சைட் பாஸ்வேர்டு இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருவர் இங்கே உள்ளே இருந்தார். நான் பக்கத்து அறைக்குப் போனேன்.

"படத்த எப்பண்ணா மாத்துன?"

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புதன்கிழமை" என்றார்.

"அவரப் புடிச்ச பிறகா?"

"காலைல."

முந்நூற்று நாற்பதும் ஒரே சாவியில் திறந்திருப்பதைச் செவ்வாய்க்கிழமை ராத்திரியே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை, ஒரு போன் போட்டிருந்தால் அந்த மனுஷனைப் பிடித்திருக்கவே மாட்டார்களே என்று கத்தினேன். அதற்கு அவர், "யாரப் புடிச்சுக் குடுக்கச் சொல்ற, உன்னையா? புகார் குடுத்ததே நீ. பொய்ப் புகார்னு உன்னத் தூக்கி உள்ள வைப்பாங்க. அவன் வெளியாளு, ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. நீ என் தங்கச்சிடி. வாயத் தொறக்காத" என்றார்.  சின்ன வயதிலிருந்து என்னை யாரும் ஒரு சொல் சொல்ல விடாதவர். அவர் மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் இப்போதும் இருக்கிறது.

இன்று காலை அண்ணனிடம் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். அந்தப் பெண் அனுப்பிய படத்தை என் போனோடு ஒப்படைக்கிறேன். சாவியை வெளியே விட்டது நான். அது தெரிந்தும் புதன்கிழமை காலை சும்மா இருந்தது என் அண்ணன். வெப்சைட் வேலை பார்த்தவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் சொன்னபடி பொய் நம்பரைப் போட்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. அண்ணன் மேல் வழக்கு வருமா என்று கேட்டேன். அது மேலதிகாரி முடிவு என்றார்கள்.

இதை எழுதிய அதிகாரி, நான் கவனக்குறைவாக அந்தப் படத்தை எடுத்ததாக எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். நான் கவனமாகத்தான் எடுத்தேன். அந்த ஆளை நம்பாததால் எடுத்தேன். அப்படியே எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது. காலையில் நான் வந்தபோது வராந்தா பெஞ்சில் துணிப் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நான் நிற்பதைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். புருஷனுக்கு மாற்றுத் துணி கொண்டுவந்திருப்பதாகவும், அவர் வெப்சைட் வேலை செய்கிறவர் என்றும், யாரோ ஒரு அம்மா புகார் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். தன் தண்ணீர் பாட்டிலை எனக்கு நீட்டினார். நானும் வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு, "உங்க வீட்டு ஆளையும் புடிச்சு வச்சிருக்காங்களாக்கா?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் இல்லம்மா" என்றேன்.

இதை யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. சொல்லாதே என்றுதான் சொன்னார்கள். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
புகார்தாரர்