தட்டப்படாத கதவுகளின் காவலர்

சுற்றறிக்கை நோட்டைச் சுமந்து சுமந்து ஒரு தோள் சாய்ந்தவரே, தாழ்வாரத்துத் தூணோடு தூணாய் நின்று தூணுக்கே பொறுமை கற்பித்தவரே, மாணவர்களால் 'தட்டாத மாமா' என அன்போடு அழைக்கப்பெறும் எங்கள் அலுவலக உதவியாளரே!

முப்பத்தோராண்டுகளாகத் தங்கள் பணி எளியது. தலைமையாசிரியர் எழுதும் அறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய், கதவைத் தட்டி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். இதில் கதவைத் தட்டுவதை மட்டும் தாங்கள் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.

காரணம் கேட்டோம். "கையெழுத்துப் போட அரை நிமிஷம்தான் சார். அப்புறம் ஒருத்தனுக்குத் தாகம் எடுக்கும், ஒருத்திக்குப் பேனா காணாமப் போகும், நாளைக்கு லீவான்னு நாலு பேர் கேப்பாங்க. நீங்க விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கப் பதினொரு நிமிஷம். நான் பாத்துட்டேன்" என்றீர்கள். பாடத்திட்டம் வகுத்த எவரும் பார்த்திராத பதினொரு நிமிடம் அது.

ஆகவே, தாங்கள் நின்றீர்கள். மழை நாளில் வாய்ப்பாடு தகரக் கூரையோடு சேர்ந்து தாளமிட, வெயில் நாளில் சுண்ணக்கட்டித் தூள் சன்னல் ஒளியில் மிதந்து வர, ஒரு காதில் ஆறாம் வகுப்பின் ஆறுகளும் மறுகாதில் ஏழாம் வகுப்பின் எரிமலைகளும் புகுந்து கலக்க, தாங்கள் நின்ற தாழ்வாரமே கட்டவிழ்ந்த படகாய் எங்கோ மெல்ல மிதந்து போவதுபோல் எங்களுக்குத் தோன்றியதுண்டு. நோட்டு மட்டும் நகராது.

எட்டாண்டுகளுக்கு முன் புதிய தலைமையாசிரியர் வந்தார். 'வகுப்பு நேரத்தில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது. அனைவரும் உடனே கையெழுத்திடவும்' என்று எழுதி, முதல் பாடவேளையில் தங்களிடம் கொடுத்தார். அரை மணி கழித்து அவர் வெளியே வந்தபோது, தாங்கள் ஒன்பதாம் வகுப்பு வாசலில், ஒரு கையெழுத்தும் இல்லாத நோட்டோடு சுவரில் சாய்ந்திருந்தீர்கள்.

"என்னய்யா, கனவா?"

"உள்ள கணக்கு பாதியில இருக்குங்க ஐயா."

"நாளையிலருந்து நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்கங்க. இதுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

ஸ்டோர் ரூம் என்பது உடைந்த பெஞ்சுகளும் ஒடிந்த உலக உருண்டைகளும் உறங்கும் அறை. எந்த வகுப்பின் குரலும் அங்கே எட்டாது. தங்கள் முகம் வெளிறியது. ஆயினும் வழிவிட்டு விலகினீர்கள். அவரே கதவைத் தட்டினார். அரை நிமிடத்தில் கையெழுத்து ஆயிற்று. உடனே தாகம் எடுத்தது. பேனா தொலைந்தது. லீவைப் பற்றி ஆறு பேர் கேட்டனர். கணக்காசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி, "எங்க விட்டேன்?" என்று தேடினார். கணக்கு மீண்டும் ஓடத் தொடங்கியதும், வாசலில் நின்ற தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு நிமிஷம் ஆயிருச்சேய்யா."

"நீங்க தலைமையாசிரியருங்க ஐயா. ஒரு நிமிஷம் கூடத்தான் ஆகும்."

ஸ்டோர் ரூம் பேச்சு அதன்பின் எழவில்லை. அறிக்கைகள் இன்று இடைவேளையில்தான் சுற்றுகின்றன. தாங்களோ அதற்கும் இருபது நிமிடம் முன்பே வந்து நின்றுகொள்வீர்கள்.

ஓய்வு பெறும் தங்களுக்குப் பிரிவுப் பரிசாக என்ன வேண்டும் என்று சென்ற வாரம் கேட்டோம். சால்வை, சுழல் நாற்காலி என எங்களுக்குள் இரு கட்சிகள் இருந்தன. "ஒரே ஒரு பீரியட், உள்ள உக்காந்து முழுசாக் கேக்கணும்ங்க" என்றீர்கள்.

இன்று காலை எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க அமர்ந்தீர்கள். விதை முளைக்கும் பாடம். நாற்பது நிமிடத்தில் தாங்கள் இமைத்ததாகவே தெரியவில்லை. மணி அடித்ததும் பக்கத்துச் சிறுமி, "புரிஞ்சுதா மாமா?" என்றாள்.

"முடிவெல்லாம் எனக்கு மனப்பாடம்மா. வெளிய நின்னு பின்பாதிதான் கேட்டிருக்கேன். ஆரம்பம் இவ்வளவு நல்லாருக்கும்னு யாரும் சொல்லலையே."

எங்கள் பாடங்களை வெளியே நின்று காத்த தாங்கள், அவற்றின் முன்பாதியை இழந்திருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நோயணுகா உடலும் நோவறியா மனமும் பெற்று நெடிது வாழ்வீராக. அந்தக் கடைசி பெஞ்சு இனித் தங்களுடையது. எந்த நாளும் வாருங்கள். மணி அடிக்கும் முன்பே வாருங்கள்.

இவண்,
தங்களால் ஒருநாளும் இடையூறு பெறாத
ஆசிரியர்களும் அலுவலர்களும்