காரோடு வந்த பாட்டுக்காரன்

கார் வாங்கப் போனபோது பாட்டு வாங்கும் யோசனை எனக்கு இருக்கவில்லை. மல்கிரேவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி விற்ற பழைய கார் அது. எல்லாம் நல்லம், பாட்டுப்பெட்டிக்குள் போன சீடி மட்டும் வெளியே வராது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். நான் அதை ஒரு குறையாக எடுக்கவில்லை. என் வயதில் உள்ளே போய் வெளியே வராத சங்கதிகள் எனக்கும் பல உண்டு.

ஐயா, நீங்கள் என் மருமகன் அருந்தவனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன். ஆனால் பாட்டிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு விளங்காது. மொழிபெயர்க்கிற பிள்ளை, மோனிகா என்றுதானே பெயர் சொன்னீர்கள்? நீங்கள் சென்னைப் பக்கம், நான் யாழ்ப்பாணம். நான் ஆறுதலாகச் சொல்கிறேன், நீங்களும் ஆறுதலாகச் சொல்லுங்கள். அவசரம் ஒருவருக்கும் இல்லை.

அந்தக் காரில் சாவியைத் திருப்பினால் சீடிக்குள் இருக்கிறவன் பாடத் தொடங்குவான். சாவியை எடுத்தால் நிறுத்துவான். சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மைக் பிடிக்கிறவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ஒழுக்கம் இல்லை. கிளேட்டனில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கழற்றலாம், திரும்பப் பூட்டுவது கடவுள் விட்ட வழி என்றான். விட்டுவிட்டேன்.

என் மனைவி சந்திரவதனாவுக்கு அப்போது சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கூட்டிக்கொண்டு திரிவேன். போகும்போதும் வரும்போதும் அவன் பாடுவான். முதல் நாள் அவள் கேட்டாள்:

“இஞ்சேருங்கோ, இவன் என்னத்துக்கு இப்பிடி அழுறான்?”

“மழை இல்லையாம். மாடெல்லாம் செத்துப் போச்சாம்.”

“பாவம். வடிவா அழுறான் என்ன? கொஞ்சம் கூட்டி விடுங்கோ.”

அப்படித்தான் தொடங்கியது. வறண்ட குளத்தைப் பற்றி ஒரு பாட்டு. விற்றுப்போன குதிரையைப் பற்றி ஒன்று. பண்ணை வாசலில் விளக்கைப் போட்டுவிட்டுப் பெண்சாதிக்காகக் காத்திருக்கிறவனின் பாட்டு ஒன்று; அது வந்தால் சந்திரவதனா கதைக்க மாட்டாள், என்னையும் கதைக்க விட மாட்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகும் அந்தப் பாட்டு முடியும்வரை இறங்காமல் இருப்பாள். பின்னால் நிற்கிற கார்கள் ஹோர்ன் அடிக்கும். அடிக்கட்டும் என்பாள்.

அவள் போன பிறகும் பாட்டு நின்றுவிடவில்லை. எனக்குப் போவதற்கு ஓர் இடமும் இல்லாவிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு போவேன். போனிலும் கேட்கலாமே என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். கேட்கலாம். ஆனால் அவள் பக்கத்தில் இருந்து கேட்டது அந்தச் சீடித் தட்டைத்தான். பாடியவன் யார் என்று நான் தேடவில்லை. தேடாமலே இருந்திருக்கலாம்.

கண்டுபிடித்தவன் அருந்தவன். அவனை ஒருநாள் பஸ் தரிப்பில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். பாட்டு வந்ததும் தலையைச் சரித்துக் கேட்டான். பிறகு முகம் கறுத்தது.

“மாமா, இது ஆரெண்டு தெரியுமோ?”

“ஆரோ ஒரு வெள்ளைக்காரன். நல்லாப் பாடுறான்.”

“பிரொக் டன்லீவி. படகில வாறவையைத் திருப்பி அனுப்ப ஏலாட்டி மீனிட்ட விடுங்கோ எண்டு ரீவியில சொன்னவன். பக்கத்தில இருந்தவை எல்லாம் கைதட்டிச் சிரிச்சவை.”

அருந்தவன் படகில் வந்தவன். அவனும் தம்பியும் ஏறினார்கள். அவன் மட்டும் இறங்கினான். அதைப் பற்றி அவன் வீட்டில் கதைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. நல்ல பெடியன், வேர்க்கப் பாடுபடுகிறவன், என் மகள் சிவாஜினியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவன்.

“காரை நிப்பாட்டுங்கோ மாமா. நீங்கள் கேட்டுக்கொண்டு வாங்கோ. நான் நடந்து வாறன்,” என்றான். அன்றைக்குப் பிறகு அந்தக் காரில் அவன் ஏறவேயில்லை.

மகள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

“அப்பா, அந்தக் காரை வித்துத் துலையுங்கோ.”

“கார் என்னம்மா செய்தது?”

“பகிடி விடாதேங்கோ. அவர் இரவிரவாய் நித்திரை கொள்ளேல்லை.”

நித்திரை கொள்ளாதது அவன் மட்டுமல்ல. எனக்கும் பாட்டுக் கெட்டுவிட்டது. விளக்குப் பாட்டு வரும். அவன் தொண்டை இளகும். சந்திரவதனா பக்கத்தில் வந்து உட்காரப் போகிற நேரத்தில் மீன் வந்துவிடும். வாயைத் திறந்துகொண்டு மீன். நல்ல சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.

பிறகு நானும் அவனைப் பற்றித் தேடிப் பார்த்தேன். ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கக்கூடிய அளவு தொப்பி. பண்ணை, மாடு, வறட்சி என்று பாடுகிறவனின் தகப்பன் சிட்னியில் பல் வைத்தியர். ஹோட்டலில் சாப்பாடு கொண்டுவந்த பெடியனுக்கு அடித்திருக்கிறான். கிழமைக்கு ஒரு தடவை எங்காவது வாயைத் திறப்பான். ஒவ்வொரு தடவையும் தட்டில் இன்னொரு பாட்டுக் கெடும். குதிரைப் பாட்டு போனது. குளத்துப் பாட்டு போனது. அவனை எனக்குத் துப்புரவாகப் பிடிக்கவில்லை. அவன் பாட்டை விடவும் முடியவில்லை. ஆளையும் பாட்டையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்று படித்தவர்கள் சொல்வார்களாம். எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை.

வழி தெரிந்தது எங்கள் சங்கத் தலைவரின் செத்த வீட்டில். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, அதனால் இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: அவருடைய பெண்சாதியின் வலது கை இப்போதும் நேராக நீளாது. அன்றைக்கு மேடையில் ஏறியவர்கள் எல்லோரும் கருணைக் கடல் என்றார்கள், கோபமே அறியாதவர் என்றார்கள். பெட்டிக்குள் கிடந்தவருக்கே வேறு யாருடையவோ செத்த வீட்டுக்கு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்திருக்கும். பெண்சாதி அந்த வளைந்த கையாலேயே பெட்டியைத் தடவி, “தங்கமான மனுசன்,” என்று அழுதாள். நடிப்பு இல்லை. அப்படித்தான் எங்கள் ஆட்கள். மூச்சு நின்ற நிமிடத்தில் ஆள் அமரர். அதற்கு முன்னால் நடந்தது எதையும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

அந்தக் கதிரையில் இருந்தபடியே நான் யோசித்தேன். பிரொக் டன்லீவி உயிரோடு இருக்கும்வரை கதைப்பான். அமரர் ஆனால் பாட்டு மட்டும் மிஞ்சும்.

இப்போது நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஓம், அவன் செத்த அதே விபத்துத்தான். உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதினார்கள். நானாகப் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

க்ரான்பேர்ன் பக்கம் ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் பாட வந்தான். நான் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். பாட்டு முடிந்து சிகரட் பிடிக்க வெளியே வந்தான். என் காருக்குள் தன் குரலைக் கேட்டதும் நேரே வந்து யன்னலுக்குள் தலையைப் போட்டான். இந்தத் தட்டை இப்போதும் கேட்கிற ஆள் இருக்கிறாரா என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. எந்த நாடு என்று கேட்டான்; சொன்னேன். விமானத்திலா, படகிலா என்று சிரித்தான். விமானத்தில் என்றேன். நல்ல ஆள் என்று தோளில் தட்டினான்.

அந்த நேரம் விளக்குப் பாட்டு வந்தது. அவனும் சேர்ந்து பாடினான். தட்டில் ஒரு குரல், யன்னலில் ஒரு குரல். சந்திரவதனா கேட்டிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. இனி இவன் வாயில் இருந்து வேறொன்றும் வந்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது.

போகப் போகிறேன் என்றேன். இடம் ஒடுக்கம், வயதான ஆள், தான் பின்னால் நின்று காட்டுகிறேன் என்றான். உதவி செய்கிற குணம் இருந்திருக்கிறது. சுவருக்கு முன்னால் நின்று, வா வா என்று இரண்டு கையாலும் காட்டினான். நான் போனேன். அவன் கையை நிறுத்தச் சொல்லிக் காட்டியதையும் கண்ணாடியில் பார்த்தேன். சுவரில் முட்டிய சத்தம் சுவரில் முட்டிய சத்தமாக இருக்கவில்லை. நடுவில் மெத்தென்று ஒன்று இருந்தது. முன்னுக்கு எடுத்தேன். அவன் இருந்தபடியே மூச்சு வாங்கினான், என்னைப் பார்த்து ஏதோ கேட்கவும் தொடங்கினான். கதைக்க விட்டால் வந்த காரியம் கெட்டுவிடும். திரும்பவும் பின்னுக்கு எடுத்தேன். இந்த முறை வேகமாக. எலும்பு முறிகிற சத்தம் பாட்டை மீறிக் கேட்டது. தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வந்த பொலிஸ்காரப் பெண் எனக்குப் போர்வை போர்த்தி, பால் விட்ட தேத்தண்ணி வாங்கித் தந்தாள். பிறேக் என்று நினைத்து மற்றதை மிதித்துவிட்டீர்களா தாத்தா என்று அவளே கேட்டாள். நான் அழுதேன். அது நடிப்பல்ல, பாட்டு அப்போதும் போய்க்கொண்டிருந்தது. லைசன்ஸை எடுத்துக்கொண்டார்கள். சோதித்து முடித்துக் காரைத் திருப்பித் தந்தார்கள். அதைக் கராஜில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, முன் சீற்றில் இருந்து சாவியைத் திருப்பினேன். மீன் வரவில்லை. சந்திரவதனா வந்தாள்.

அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. முதலில் ரீவியில் மாபெரும் கலைஞன் என்றார்கள். சரி, எங்கள் ஆட்கள் போலத்தான் என்று இருந்தேன். பிறகு தொடங்கினார்கள். அவனுடைய பழைய பெண்சாதி வந்து சொன்னாள். அவனோடு வயலின் வாசித்த பெண் வந்து சொன்னாள். அடி வாங்கிய பெடியனும் வந்தான். மீன் கதையைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். உயிரோடு இருந்தபோது கிழமைக்கு ஒன்று. செத்த பிறகு நாளுக்கு மூன்று. ஐயா, குறை நினைக்காதீர்கள், உங்கள் ஆட்களுக்கு ஒரு பிணத்தை எப்படி நடத்துவது என்றே தெரியாது. இப்படி என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த மனுசனை நான் தொட்டிருக்க மாட்டேன்.

இனி அருந்தவன். நேற்றுப் பின்னேரம் நான் காருக்குள் இருந்தேன். அவன் கராஜுக்குள் வந்தான். கையில் ஸ்குறூ டிறைவர்.

“மாமா, இறங்குங்கோ. இதை நான் கழட்டிறன்.”

“ஏன் தம்பி?”

“ஒரு ஆள் செத்த கார். நீங்கள் ஒவ்வொரு நாளும் இதுக்குள்ள இருந்து அழுறியள் எண்டு சிவாஜினி சொல்லுறா. இந்தச் சனியன் போனாத்தான் உங்களுக்கு மறக்கும்.”

நான் பாட்டுக்காரனைத் தவறுதலாகக் கொன்றுவிட்ட குற்ற உணர்வில் அழுகிறேன் என்று நினைத்திருக்கிறான். ஏறவே மாட்டேன் என்றிருந்த காருக்குள் எனக்காக ஏறி, முழந்தாளில் நின்று கழற்றினான். நான் டோர்ச் பிடித்தேன். மெக்கானிக் தயங்கியதை அவன் பொறுமையாகச் செய்தான். தட்டைக் கழற்றி எடுத்து, சேர்ட்டில் துடைத்து, அதில் இருந்த படத்தைப் பார்த்தான். கையை நீட்டினேன். அவன் அதை இரண்டாக முறித்தான்.

“நாய் செத்தது நல்லம் மாமா,” என்றான். “அண்டைக்குத்தான் நான் வடிவா நித்திரை கொண்டனான்.”

நான் கோபப்படவில்லை. புத்திதான் சொன்னேன். “செத்த ஆளைப் பற்றி அப்பிடிக் கதைக்கக் கூடாது தம்பி.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “என்ர தம்பியும் செத்த ஆள்தான் மாமா.”

காரைத் தூக்குகிற ஜாக் கம்பி கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. அவன் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது பிடரியில் அடித்தேன். “மாமா” என்றான். அடுத்த அடிக்கும் மாமா என்றான். மரியாதையான பெடியன், தடுக்கக் கை தூக்கினானே தவிர என்னைத் தொடவில்லை. அவன் சொல்வது நிற்கும்வரை அடித்தேன். சிவாஜினி கதவைத் திறந்தபோது எல்லாம் அமைதியாக இருந்தது. நான் அவளைத்தான் முதலில் கதிரையில் இருத்தினேன்.

ஓம், இரண்டு பேரையும் நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

பிள்ளை மோனிகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயாவுக்கு ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். செத்த வீட்டில் கதைக்க என்னை ஒரு மணித்தியாலம் விடுவார்களா? அமரர் அருந்தவனை என்னைப்போல அறிந்தவர்கள் குறைவு. கடலுக்குத் தப்பி வந்தவன், தங்கமான மருமகன், சொல்ல ஒரு பிழை இல்லை. யாராவது அவனைப் பற்றி ஒரு குறை சொன்னால் எனக்கு அறிவியுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.