சின்னவளின் பங்கு

சாப்பிட வருபவர்கள் நாற்காலியை இழுக்கும் விதத்தைப் பார்த்தே, எவ்வளவு டிப்ஸ் வைப்பார்கள் என்று நான் சொல்லிவிடுவேன், மேடம். சத்தமில்லாமல் இழுப்பவர்களுக்குத் தாராளக் கை. பத்தொன்பது வருடம் பரிமாறியவளுக்கு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி?

இந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். என் தங்கைக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கி இது. அவள் இல்லாததால் வாரிசு என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. என் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போனது. சொல்லிக்காட்டுவதாக நினைக்காதீர்கள். படித்து முடித்ததும் அவளையும் எங்கள் உணவகத்திலேயே சேர்த்துவிட்டேன். என் கண் பார்வையில் இருக்கட்டுமே என்றுதான்.

சட்டம் சொல்லும் சம்பளத்தில் முதலாளி பாதிதான் கொடுப்பார். முழுசும் வாங்கியதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். மீதி டிப்ஸில் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. மேஜையில் கிடைப்பதைக் கல்லாப் பக்கத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, சனிக்கிழமை பிரித்துக்கொள்வோம். மூத்தவள் என்பதால் எனக்கு இரண்டு பங்கு. நான் இதில் குறை காணவில்லை. சின்னவள் கண்டாள்.

“வர்றவங்க மனசு வச்சாத்தான் நமக்குச் சோறுன்னா, இதுக்குப் பேரு சம்பளமாக்கா?” என்பாள்.

உங்களுக்கு முதல் புகார் எழுதியது அவள்தான். திங்கட்கிழமை நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முழுச் சம்பளம் கொடுக்கவேண்டி வந்தால் ஜாடி இருக்காது என்றார். பிறகு, “உன் தங்கச்சி வாயை நீ அடைக்கிறியா, நான் அடைக்கட்டுமா?” என்று கேட்டார்.

அவர் செய்தால் முரட்டுத்தனமாக இருக்கும். நான் செய்தால் பக்குவமாக முடியும். திருடி என்று பெயர் வாங்கியவளின் பேச்சை யார் காதில் வாங்குவார்கள்?

அவள் உள்ளே சூப் எடுக்கப் போயிருந்தபோது ஜாடியிலிருந்து கைக்கு வந்ததை அள்ளினேன். உடை மாற்றும் அறையில் தொங்கிய அவள் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். டப்பா இன்னும் இளஞ்சூடாக இருந்தது. காலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாடு.

நோட்டுகளை நாலாக மடிப்பது என் பழக்கம். கை தன்பாட்டுக்கு மடித்துவிட்டது போலிருக்கிறது. முதலாளி எல்லோர் முன்னாலும் பையைக் கவிழ்த்தபோது சின்னவள் அந்த மடிப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நான்தான் எடுத்தேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள்.

எனக்கு ஏதோ பணமுடை, எடுத்து அவள் பையில் ஒளித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். என்னைப் பற்றி அதற்கு மேல் கெட்டதாக நினைக்க அவளுக்கு வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அவள் உங்களிடம் வரவும் இல்லை.

அன்றைக்கே அவளுக்கு வேலை போனது. அதன் பிறகு வேறு எந்த உணவகத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. போகும் இடத்துக்கெல்லாம் பேச்சு முந்திக்கொண்டது. கடைசியில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் தினக்கூலி வேலைக்குப் போனாள். ஐந்தாம் வாரம், நாலாவது மாடியில் கயிறு அறுந்தது.

இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். முதல் நாள் சாயந்திரம் கொஞ்சம் பேசினாள்.

“அன்னிக்கு உனக்கு என்னக்கா கஷ்டம்? எங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“ஒண்ணுமில்லம்மா, நீ தூங்கு” என்றேன்.

சொல்லியிருக்கலாம்தான். அந்த நிலைமையில் எதற்கு அவளை வருத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு எங்கள் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற அம்மா உங்களிடம் வந்து சம்பள விஷயம் எல்லாவற்றையும் சொன்னது, வழக்கு ஜெயித்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். இப்போது முழுச் சம்பளம் கைக்கு வருகிறது. ஜாடியை யாரும் எடுக்கவில்லை. அதில் விழுவதும் குறையவில்லை. இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ராத்திரி தூக்கம் வருவதில்லை. அவள் தட்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது, அதைத் தொட முடியவில்லை. மற்றபடி, அவள் என் மேல் கோபமாகப் போகவில்லை, மேடம். போகும்போது என் கையைத்தான் பிடித்திருந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்றுதானே அதற்கு அர்த்தம்.

இந்தப் பணமும் எனக்கு வர வேண்டும் என்றுதான் நினைத்திருப்பாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?