சாமானெல்லாம் மாமரத்தடியில்

— வர்றாங்க யாப். நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க. இறங்கி வந்து பாரேன்.

— இரு எல்ஸ், இரு. ஏணியில நிக்கிறேன், கையில சுண்ணாம்பு மட்டை. யாரு வர்றது?

— ஊரே வருது. கிணத்துப் பாதையில பொம்பளைங்க வரிசையா வர்றாங்க. எட்டு, ஒம்பது... பதினாலு பேரு. முன்னாடி நம்ம பக்கத்து வீட்டு நாபிரி. தலையில கூடை நிறைய மாவு. பின்னாடி ரெண்டு பேரு விறகுக் கட்டு தூக்கிட்டு வர்றாங்க.

— நான் சொன்னேன்ல. பன்னெண்டு நாளா மூக்கைச் சிந்திட்டுக் கிடந்தியே.

— பின்ன என்ன பண்றது? ஹாலந்துலேருந்து இந்த மலாவிக்கு வந்து, மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காரவா? வழியில பாத்தா நல்லாத்தான் சிரிக்கறாங்க. வீட்டுக்கு வாங்கன்னா தலையக் குனிஞ்சுக்கறாங்க. நீ ஊழியம் பண்ண வந்த, உனக்குப் பேச ஆளு வேணும். எனக்கு மட்டும் வேண்டாமா?

— அதுக்காக சபைக்குக் கடுதாசியா எழுதுவாங்க, வேற ஊருக்கு மாத்துங்கன்னு?

— அந்தக் கடுதாசி அலமாரி மேல இருக்கு. எடுத்து வெளிய நீ மூட்டியிருக்கிற குப்பைத் தீயில போடு. இப்பவே போடு.

— போட்டுடறேன். பெட்டிக்குள்ள அடைச்சு வந்த வைக்கோலு நல்லாத்தான் எரியுது.

— யாப், உக்கார வைக்க ஒரு நாற்காலி இல்லையே. தரைக்குச் சிவப்பு மெழுகு போடறேன்னு மேஜை, கட்டில், மெத்தை எல்லாத்தையும் மாமரத்தடியில கொண்டு போட்டுட்டோம். கூடத்துல ஒரு துரும்பு இல்லை.

— தரையில உக்காரட்டும், மெழுகு காஞ்சிருக்கும். முதல்ல என் புது வாசப்படியைப் பாத்தே அசந்துடுவாங்க. கொல்லையில புல்லுக்குள்ள கிடந்த கல்லு எல்ஸ், என்னா வழவழப்பு. ஒரு பக்கம் என்னவோ செதுக்கியிருந்துச்சு, ஒரே பாசி. கொத்தன் பேரா இருக்கும்னு அந்தப் பக்கத்தை மண்ணுல போட்டுட்டேன்.

— உன் கல்லு கிடக்கட்டும். கோப்பை ஆறுதான் இருக்கு. மீப்பை எழுப்பட்டுமா? புள்ள ஆசையாப் பாக்குமே.

— தூங்கட்டும். நாலு நாளு காய்ச்சலுக்கு இன்னிக்குத்தான் உடம்பு குளிர்ந்திருக்கு. சத்தமில்லாத பின்னறையில போர்வை மேலயே கிடக்கட்டும்.

— வந்துட்டாங்க. வாங்க நாபிரி, உள்ள வாங்க. எல்லாரும் வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமே.

— வந்துட்டோம் தாயி. மீப்போட அம்மா, நீ நிக்காத. இப்படி என் பக்கத்துல உக்காரு.

— இதோ, காப்பி போட்டு எடுத்துட்டு வந்துடறேன்.

— இன்னிக்கு நீ அடுப்புப் பக்கம் போகக் கூடாது தாயி. நாங்க எதுக்கு இருக்கோம்? மாவு இருக்கு, விறகு இருக்கு. கூழோ களியோ நாங்க கிண்டிக்கறோம்.

— யாப், கேட்டியா? சமையலும் அவங்களேதானாம்.

— இங்க வந்து பாரு எல்ஸ். ஆம்பளைங்களும் வந்து என் தீயைச் சுத்தி உக்காந்துட்டாங்க. தொப்பியெல்லாம் மடியில. ஒருத்தரு என் கையைப் பிடிச்சாரு, விடவே இல்லை. நாலு பேரு மண்வெட்டி வேற கொண்டாந்திருக்காங்க. எங்க வெட்டணும்னு கேட்டாங்க. காய்கறிப் பாத்திக்குத்தான்னு நெனச்சு, நான் கொல்லையைக் காட்டிட்டேன்.

— பன்னெண்டு நாளா எங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தாங்க இத்தனை பிரியத்தை? நாபிரி, அந்த ஓரத்துல இருக்கிற அம்மா ஏன் அழறாங்க?

— அழட்டும் தாயி. நீயும் அழுதுடு, உள்ள வெச்சுக்காத. நாலு நாளு முன்ன வரைக்கும் கிணத்தடியில எங்க புள்ளைங்களோட குதிச்சுட்டுத் திரிஞ்ச புள்ள. அந்தச் சின்னக் கட்டிலை மரத்தடியில பாத்ததும் வீடு வீடாப் போய் எல்லாரையும் கூப்பிட்டேன்.

— எந்தப் புள்ள?

— மீப்பைத்தான் தாயி. எந்த ரூமுல கிடத்தியிருக்கீங்க?

— அம்மா, தண்ணி வேணும். யாரும்மா அழறது? என் கட்டில் எங்க?

— நிறுத்துங்கடி. அழுகைய நிறுத்துங்கடி எல்லாரும். புள்ள நிக்குது. ரெண்டு காலுல நிக்குது.

— காய்ச்சல்தான் நாபிரி, அதுவும் விட்டுடுச்சு. தரைக்கு மெழுகு போடத்தான் சாமானை வெளிய எடுத்தோம்.

— மெழுகு போடவா? கூடத்தைக் காலி பண்ணி, வெளிய தீ மூட்டினா, எங்க ஊருல அது சாவு வீடு தாயி. அடியே, யாராச்சும் கொல்லைக்கு ஓடுங்க. அவனுங்க குழி வெட்ட ஆரம்பிச்சிருப்பானுங்க.

— நான் பாத்தின்னுல்ல நெனச்சேன்.

— சிரிப்புக் காட்டாதீங்க போதகரே, வயிறு வலிக்குது. பாருங்க, அழுதவ இடுப்புத் துணியெல்லாம் சிவப்பு மெழுகு.

— அப்போ நீங்க எங்களைப் பாக்க வரலை நாபிரி. சாவுக்குத்தான் வந்தீங்க. யாப், அந்தக் கடுதாசியை எரிச்சிருக்கவே வேண்டாம்.

— அப்படிச் சொல்லாத தாயி. கேளு. உங்களுக்கு முன்ன இருந்த போதகர் வீட்டுல கைக்குழந்தை ஒண்ணு தவறிப்போச்சு. எட்டு வருஷம் இருக்கும். இதே மாதிரி மாவும் விறகும் எடுத்துட்டு வந்தோம். ஒரு நாற்காலி வெளிய வரலை. கதவு சாத்தியே கிடந்துச்சு. பொழுது சாயற மட்டும் பாதையில நின்னோம். அவங்க ரெண்டு பேருமா கொல்லையில பொதைச்சுட்டு, அடுத்த மாசம் ஊரைவிட்டே போயிட்டாங்க. அழ விடாத வீட்டுல எப்படிக் கால் வைக்கிறது? இன்னிக்கு உன் சாமானைப் பாத்ததும், இவங்க நம்மளைக் கூப்பிடறாங்கன்னு விழுந்தடிச்சு ஓடி வந்தோம்.

— அதான் வந்துட்டீங்களே, போதும். இரு எல்ஸ், நாற்காலியெல்லாம் உள்ள கொண்டு வந்து போடறேன். எல்லாரும் உக்காந்து காப்பி குடிப்போம்.

— அந்தக் குழந்தை பேரு என்ன நாபிரி?

— அதுதான் தெரியாது தாயி. பேரு சொல்லி அழக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கலை. கொல்லையில, புல்லுக்குள்ள, கல்லு ஒண்ணு நட்டாங்க. அதுல எழுதியிருக்கும். நாங்க கிட்டப் போய்ப் பாத்ததில்லை.

— யாப், நாற்காலியைக் கீழ வை. சாமானெல்லாம் வெளியவே கிடக்கட்டும். போய் உன் வாசப்படியைப் புரட்டி, அதுல என்ன பேருன்னு இவங்களுக்குப் படிச்சுச் சொல்லு.