மார்லிஸ் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு புருஷன்கள்

— ஏன் தம்பி, அது இலை வார்ற வாரியா, தலை சீவுற சீப்பா? புல்லுக்கு வலிச்சிடப் போகுதுன்னு இப்படித் தடவிக் குடுக்கற!

— வாங்க ஹார்லன் சார். அக்டோபர் முடியப் போகுதே, இன்னும் ஆளைக் காணோமேன்னு பார்த்தேன். இந்த வருஷம் எதை எடுத்துட்டுப் போக வந்தீங்க?

— ஏணிய. கொட்டகையில விட்டுட்டுப் போயிட்டேன்.

— உங்களுக்கும் மார்லிஸுக்கும் விவாகரத்தாகி நாலு வருஷம் ஆச்சு. மொத வருஷம் மண்வெட்டிக்கு வந்தீங்க. அப்புறம் தள்ளுவண்டி. போன வருஷம் ஒரு சுத்தியல். பொண்டாட்டிய இப்படித் தவணையில பிரியறவர நான் பார்த்ததே இல்ல.

— மருந்துக்கடையில மாத்திரை எண்றவன்தானே லாயிட் நீ, உனக்கு எதைப் பார்த்தாலும் எண்ணத்தான் தோணும். திங்கக்கிழமை பனி கொட்டப் போகுது தெரியுமா? இருபத்தாறு வருஷமா இந்த ஊர் ரோட்டுல பனி தள்ற வண்டி ஓட்டறவன் சொல்றேன்.

— காலையில ரேடியோவும் அதையேதான் சொல்லிச்சு. அது ஏணி கேக்கல.

— வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. வெளிக்குழாய மூடினியா? தண்ணி உள்ள நின்னா உறைஞ்சு சுவத்தோட வெடிக்கும்.

— மூடியாச்சு.

— கீழ நெலவறையில இருக்கற வால்வ?

— அங்க ஒரு வால்வா?

— அடேயப்பா! மூணு வருஷமா இந்த வீட்டு மாப்பிள்ளை! உன்னை நம்பித்தான் ஒருத்தி என்னை வெளிய அனுப்பினா!

— முன்ன இருந்தவருக்கு எல்லா வால்வும் தெரியுமாம். பொண்டாட்டி பொறந்த நாள் மட்டும் தெரியாதாம். அவ சொல்லித்தான் தெரியும்.

— அதையுமா சொன்னா?

— சொல்லாதத எண்றது சுலபம் சார்.

— சரி, சரி. அந்த ஆப்பிள் கன்னுக்கு ஏன் இன்னும் கம்பி வலை சுத்தல? முயலுக்குப் பந்தி போட்டிருக்கியா?

— இலையெல்லாம் பைல அள்ளினதும் அதான் அடுத்த வேலை. நகராட்சி லாரி இன்னொரு தடவைதான் வருமாம். நீங்க வேணும்னா பேசறதுக்கு நடுவுல ஒரு பையப் பிடிக்கலாம். சட்டம் தடுக்காது.

— குடு இங்க. ஏய், ரோஜா எல்லாம் ஏன் இன்னும் நிக்குது?

— மேல வைக்கோல் போட்டு மூடலாம்னு இருக்கேன்.

— வைக்கோலா! மினசோட்டா குளிருக்கு வைக்கோல்! சாமி, மைனஸ் முப்பதுல நீ கைக்குட்டை போத்திட்டுப் படுத்துக்குவியா? பக்கத்துல பள்ளம் வெட்டி, ஒரு பக்கத்து வேரைத் தளர்த்தி, செடிய அப்படியே சாய்ச்சு மண்ணுக்குள்ள படுக்க வைக்கணும். ஏப்ரல்ல தூக்கி நிறுத்தணும். பதினேழு செடி. மார்லிஸ் வருஷா வருஷம் முட்டி போட்டு அவளே செய்வா. அவ எங்க?

— வீட்டுல இல்ல.

— சர்ச்சுல சூப் விருந்துக்குப் போயிட்டாளா?

— நீங்கதான் சொல்லணும்.

— நானா? என்கிட்டக் கேட்டுட்டா போறா? மண்வெட்டிய எடு.

— எடுத்துக்கங்க. நீங்க தூக்கிட்டுப் போனதுக்குப் பதிலா வாங்கினது. நீங்க இதைச் செஞ்சிருக்கீங்களா?

— பார்த்திருக்கேன்.

— ஓ! பார்த்திருக்கீங்க!

— இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கேன். பிடி, அந்தப் பக்கம் கிளைய அமுக்கு. முள்ளு குத்தினா கத்தாத.

— கத்தல. சார், புதுச் சட்டை, மழமழன்னு சவரம். நல்லா இருக்கீங்க போல. வீட்டுல சமையலெல்லாம் நடக்குதா?

— நடக்காம? ராஜ சாப்பாடு. மூணு வேளையும் தட்டுல வந்து விழுது.

— அப்படியா. சந்தோஷம்.

— என்னடா, திடீர்னு மூஞ்சி தொங்குது? பள்ளம் ஆழம் பத்தல, வெட்டு.

— வெட்டறேன்.

— லாயிட், நான் ஏணிக்கு வரல.

— தெரியும் சார். உங்க ஏணி இந்தக் கொட்டகையில எப்பவுமே இருந்ததில்ல.

— அவ இங்க முட்டி போட்டுத் தோண்டிட்டிருப்பா. நான் அந்தச் சமையலறை ஜன்னல்ல காபியோட நின்னு, 'யாரைப் பொதைக்கற மார்லிஸ்?'னு கேப்பேன். ஒவ்வொரு வருஷமும் அதே கிண்டல். மொத ரெண்டு வருஷம் சிரிச்சா. அப்புறம் நிமிர்ந்து பார்க்கறதையே விட்டுட்டா. ஒரு தடவை எறங்கி வந்து மண்வெட்டியப் பிடிச்சிருக்கலாம். பத்து படிதான்.

— நான் ஜன்னலுக்குக்கூட வரல சார். உள்ள உக்காந்து குறுக்கெழுத்து போட்டுட்டிருந்தேன். போன வருஷம் அவ கையெல்லாம் மண்ணோட வந்து, 'முதுகு பிடிச்சுக்கிச்சு லாயிட்'னா. ஏழு எழுத்துல ஒரு நதி பேர் சொல்லுன்னு கேட்டேன்.

— சொன்னாளா?

— சொன்னா. சரியாத்தான் இருந்துச்சு.

— நாம ரெண்டு பேரும் நல்ல ஜோடிடா. மண்ணத் தள்ளு. இதான் கடைசிச் செடி.

— பதினேழு. எண்ணிட்டேன்.

— எண்ணாம இருப்பியா! ஐயோ, என் இடுப்பு. தம்பி, ஒண்ணு கேக்கறேன், இதுக்கு மட்டும் கிண்டல் பண்ணாத. அவ திரும்பி வந்ததும், ரோஜாவெல்லாம் ஹார்லன் தன் கையால படுக்க வெச்சான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அது போதும், நான் கெளம்பிடறேன்.

— நான் எங்க போய்ச் சொல்ல சார்? 'தேடாதே, நல்லாத்தான் இருப்பேன்'னு ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டு, ரெண்டு பெட்டியோட அவ போயி இன்னையோட பதினோரு நாள். உங்க வீட்டுலதான் இருக்கான்னு நெனச்சுல்ல, இவ்வளவு நேரமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உங்க கூடக் குழி வெட்டினேன்!