கைப்பையில் நான்கு ஸ்குரூ

கிள்ளானிலிருந்து சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர், சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“வீட்டுக்காரரு சாம்பலை எல்லாம் கடல்ல கரைச்சாச்சுக்கா. பல்லு ஸ்குரூ நாலு மட்டும் என் பேக்லதான் இருக்கு.”

“எந்த ஸ்குரூ?”

“சென்னையில தாடையில ஸ்குரூ முடுக்கிப் பல்லு வச்சாரே, அதுதான். எரியலைன்னு மின்சுடலையில தனியாப் பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க.”

நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“பல்லும் கட்டிட்டு, ஊரும் சுத்திட்டு வரோம்னுதானே போனீங்க?”

“ஆமாக்கா. பல்லு வச்ச மறுநாளே காய்ச்சல். வேன் புக் பண்ணியாச்சேன்னு மாத்திரையப் போட்டுக்கிட்டு மகாபலிபுரம் வந்தாரு. இங்க வந்து ஆஸ்பத்திரியில சேர்க்கறப்ப சீழ் ரத்தத்துல ஏறிருச்சு.”

“அவருக்குத்தான் சுகர் கூட இருந்துச்சே லா. பல்லு டாக்டர் கேக்கலியா?”

சுபாங் நிலையத்தில் கதவு திறந்து மூடியது.

“கேட்டாரு. இருக்குன்னா தள்ளிப் போட்டுருவாங்க, போட்ட லீவெல்லாம் வீணாயிரும். இவரு வாயைத் திறந்து வச்சிருந்தாரு. இல்லைன்னு நான்தான் சொன்னேன்.”